அன்றே வாங்கி அன்றே விற்பது: பங்குச்சந்தையில் தினசரி வணிகம் நீண்ட காலத்துக்கு லாபம் தருமா?

வருமான வரிக் கணக்கு எழுதித் தாக்கல் செய்து கொடுக்கும் தொழிலில் நான் காட்பாடியில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். முன்பெல்லாம் சம்பளக்காரர்கள், சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்றான படிவம் 16-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இப்போது அதே சம்பளக்காரர்களில் முப்பது வயதுக்கு உட்பட்ட பலர், படிவத்தை நீட்டிய கையோடு செல்பேசியில் பங்குத் தரகு நிறுவனத்தின் செயலியையும் திறந்து, "இதையும் கணக்குல காட்டணுமா?" என்று கேட்கிறார்கள். காட்டத்தான் வேண்டும்.

சென்ற ஆண்டு வாலாஜாவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். நாற்பதாயிரம் ரூபாயைத் தரகுக் கணக்கில் போட்டு, ஒரு நிதியாண்டு முழுவதும் பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்றிருந்தார். செயலியில் அவருடைய லாபம் பச்சை எழுத்தில் 11,400 ரூபாய் என்று இருந்தது. "லாபத்துலதானே இருக்கேன் அண்ணா, வரி எவ்ளோ வரும்?" என்றார். ஆண்டுக் கணக்கு அறிக்கையைத் தரவிறக்கச் சொல்லி, அதன் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். தரகு, வரி, கட்டணம் என்று பிடித்ததெல்லாம் சேர்த்து அங்கே ஏறத்தாழ 28,000 ரூபாய் இருந்தது. அவர் ஆண்டில் 340 முறை வாங்கி விற்றிருந்தார். விலை எந்தப் பக்கம் போகும் என்ற அவருடைய கணிப்பு மொத்தத்தில் சரியாகவே இருந்திருக்கிறது. ஆனாலும் போட்ட பணத்தில் 16,600 ரூபாய் போய்விட்டது. கணக்கில் இருப்பு குறைந்துகொண்டே வந்ததை அவர் கவனித்திருந்தாலும், அது எதனால் என்று பார்க்கவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தார்.

தினசரி வணிகத்தில் நீண்ட காலம் லாபம் பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: முடியும், ஆனால் அப்படிப் பார்ப்பவர்கள் மிக மிகச் சிலர், மற்றவர்களுக்கு அது முடியாமல் போவதற்கு அவர்களுடைய அறிவுக் குறைவு முதற்காரணம் அல்ல, அந்த வணிகத்தின் கணக்கே அவர்களுக்கு எதிராக அமைந்திருப்பதுதான் காரணம். அந்தக் கணக்கை, பங்குச்சந்தையை இதுவரை தொட்டிராதவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

முதலில் சொல்லின் பொருள். இந்தியாவில் பங்குச்சந்தை காலை 9.15 மணிக்குத் தொடங்கி மாலை 3.30 மணிக்கு முடிகிறது. இந்த நேரத்துக்குள்ளேயே ஒரு பங்கை வாங்கி, அதே நாளில் விற்றுவிட்டால் அது தினசரி வணிகம். சந்தையில் இன்ட்ராடே என்பார்கள். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்குக்கு அந்தப் பங்கு வருவதே இல்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் உங்கள் கணக்கில் கூடும் அல்லது குறையும். கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, விலை இறங்கியபின் வாங்கி நேர் செய்வதும் உண்டு; அதற்கு ஷார்ட் செல்லிங் என்று பெயர். மாலைக்குள் நீங்களாக முடிக்காவிட்டால், சந்தை மூடுவதற்குச் சற்று முன்பாகத் தரகு நிறுவனமே அதை முடித்துவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வணிகத்துக்கு முழுப் பணமும் தேவையில்லை. வாங்கும் மதிப்பில் குறைந்தது 20 சதவீதத்தை மார்ஜின் என்னும் முன்பணமாக வைத்தால் போதும் என்பதால், 20,000 ரூபாய் வைத்திருப்பவர் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்க முடிகிறது. 2021 செப்டம்பரில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் மார்ஜின் விதி முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு முன்பு, தரகு நிறுவனங்கள் இதைவிடப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தன. ஐந்து மடங்கு என்பது இப்போதைய உச்ச வரம்பு. இது கடன் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் வட்டி கேட்டு யாரும் வீட்டுக்கு வருவதில்லை. ஆனால் இதனுடைய வேலை கடனுடைய வேலைதான். எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

இதைச் சொல்லும்போது பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நேதாஜி மார்க்கெட்ல காய்கறி வியாபாரிங்க காலைல வாங்கி சாயங்காலத்துக்குள்ள வித்துடுறாங்க. அவங்க குடும்பம் நடத்தலையா?" நல்ல கேள்வி. உண்மையில் இந்தக் கேள்விக்குள்தான் முழு விடையும் இருக்கிறது என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு விடியும் முன்பே போனவர்களுக்குத் தெரியும். இலவம்பாடியிலிருந்து முள்ளுக் கத்திரிக்காய் மூட்டை மூட்டையாக இறங்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. மொத்த வியாபாரி விவசாயியிடம் ஒரு விலைக்கு எடுக்கிறார். சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் கடை வைத்திருப்பவர் வந்து அதைவிட நாலைந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கிப் போகிறார். கத்திரிக்காய் விலை நாளைக்கு ஏறுமா இறங்குமா என்பது அந்த வியாபாரிக்கு முக்கியமே இல்லை. விவசாயிக்கு உடனே பணம் வேண்டும், கடைக்காரருக்கு உடனே காய் வேண்டும். இருவருக்கும் நடுவில் நின்று, தரம் பிரித்து, வாடுவதையும் அழுகுவதையும் தாங்கி, கடனுக்கும் கொடுத்து, அந்த நாலைந்து ரூபாய் வித்தியாசத்தைத் தன் கூலியாக அவர் எடுத்துக்கொள்கிறார். அந்த வித்தியாசம் அவருக்கு வருகிற பணம்.

இப்போது செல்பேசியில் ஒரு பங்கைத் திறந்து பாருங்கள். விலைப்பட்டியலில் இடப்பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள், வலப்பக்கம் விற்கக் காத்திருப்பவர்கள். வாங்குபவர்களில் அதிகமாகக் கொடுக்க முன்வந்திருப்பவர் 499 ரூபாய் 90 காசு என்கிறார். விற்பவர்களில் குறைவாகக் கேட்பவர் 500 ரூபாய் என்கிறார். உடனே வாங்க வேண்டும் என்று பொத்தானை அழுத்துகிறவருக்கு 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுத்த நொடியே மனம் மாறி விற்றால் 499 ரூபாய் 90 காசுதான் கிடைக்கும். விலை ஓர் அங்குலமும் நகரவில்லை, பத்துக் காசு போய்விட்டது. அங்கே காத்திருந்து அந்தப் பத்துக் காசைப் பெற்றுக்கொண்டவர்தான் பங்குச்சந்தையில் நேதாஜி மார்க்கெட் வியாபாரியின் இடத்தில் இருப்பவர். அவசரத்தில் பொத்தானை அழுத்துகிற நம் இளைஞர், காலையில் வியாபாரியிடம் கத்திரிக்காய் வாங்கி, சாயங்காலம் அதே வியாபாரியிடமே திருப்பி விற்று, இதில் லாபம் வரும் என்று எதிர்பார்ப்பவரின் இடத்தில் இருக்கிறார். வியாபாரி வாங்கும் வித்தியாசத்தை இவர் கொடுக்கிறார், அதையும் ஒவ்வொரு நாளும் கொடுக்கிறார்.

காத்திருந்து வாங்கினால் அந்தப் பத்துக் காசை நாமும் பெறலாமே என்று சிலர் கேட்பார்கள். பெறலாம், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது மனிதர் அல்ல. தேசியப் பங்குச்சந்தையின் கணினிகள் இருக்கும் அதே வளாகத்தில் தங்கள் கணினிகளையும் வாடகைக்கு இடம் பிடித்து வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் நிரல்கள் அவை. ஒரு செய்தி வந்து விலை நகரப் போகிறது என்றால் அவை கண் இமைக்கும் நேரத்துக்குள் தங்கள் விலையை விலக்கிக்கொள்ளும். விலக்கத் தெரியாமல் நிற்கும் நம்முடைய விலையில்தான் வணிகம் நடந்துவிடும். அதாவது விலை நமக்குச் சாதகமாகப் போகும்போது நமக்குப் பங்கு கிடைக்காமலும், பாதகமாகப் போகும்போது தவறாமல் கிடைத்தும்விடும்.

அடுத்தது செலவுக் கணக்கு. இதை நான் ஒவ்வொருவருக்கும் தாளில் எழுதியே காட்டுகிறேன், ஏனென்றால் வாயால் சொன்னால் நம்புவதில்லை. ஒரு பங்கு 500 ரூபாய், 200 பங்குகள், ஆக ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி ஏறத்தாழ அதே விலைக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த கட்டணத் தரகு நிறுவனங்களில் ஓர் ஆணைக்கு 20 ரூபாய் என்பது வழக்கமான அளவு. வாங்க 20, விற்க 20, ஆக 40 ரூபாய். விற்கும் மதிப்பில் 0.025 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி, அது 25 ரூபாய். வாங்கும் மதிப்பில் 0.003 சதவீதம் முத்திரைத் தீர்வை, 3 ரூபாய். சந்தைக்குச் செலுத்தும் பரிவர்த்தனைக் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 6 ரூபாய். செபிக்கு 20 காசு. தரகுக்கும் சந்தைக் கட்டணத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 8 ரூபாய் சொச்சம். எல்லாம் கூட்டினால் 82 ரூபாய். வாலாஜா இளைஞரின் 28,000 ரூபாயை 340-ஆல் வகுத்தாலும் இதே 82-தான் வருகிறது.

ஒரு லட்சத்துக்கு 82 ரூபாய் என்றால் காபிச் செலவு போலத் தோன்றும். இங்கேதான் அந்த ஐந்து மடங்கு வேலை செய்கிறது. அந்த ஒரு லட்சத்தில் உங்களுடைய சொந்தப் பணம் 20,000 மட்டுமே. ஆனால் செலவு முழு லட்சத்துக்கும் பிடிக்கப்படுகிறது. சந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 245 முதல் 250 நாட்கள் நடக்கிறது. நாளொன்றுக்கு ஒரே ஒரு முறை, ஒரு லட்சத்துக்கு வாங்கி விற்றால்கூட ஆண்டுச் செலவு 20,000 ரூபாயைத் தாண்டிவிடும். அதாவது, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற நிலையிலேயே ஒருவர் ஆண்டு முழுவதும் வணிகம் செய்தாலும், ஆண்டு முடிவில் அவர் போட்ட முதல் முழுவதும் கட்டணமாகவே கரைந்திருக்கும். அசலைக் காப்பாற்றிக்கொள்ளவே ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு சம்பாதிக்க வேண்டும் என்றால் எந்தத் தொழிலில் அது நடக்கும்? ஒரு நாளைக்கு நான்கு முறை செய்பவருக்கு ஆண்டுச் செலவு 80,000 ரூபாய், அதாவது போட்ட முதலின் நான்கு மடங்கு.

சரி, எத்தனை முறை சரியாகக் கணித்தால் இந்தச் செலவை மீறலாம்? ஒரு சதவீதம் ஏறினால் விற்பது, ஒரு சதவீதம் இறங்கினால் நஷ்டத்தோடு வெளியேறுவது என்று ஒருவர் கட்டுப்பாட்டோடு நடந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வென்றால் 1,000 ரூபாய், தோற்றால் 1,000 ரூபாய். 82 ரூபாய்ச் செலவோடு, மேலே சொன்ன பத்துக் காசு வித்தியாசம் 200 பங்குக்கு 20 ரூபாய் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் 102 ரூபாய் போகிறது. நூறு முறையில் 50 முறை வென்றால் 10,200 ரூபாய் நஷ்டம். 55 முறை வென்றாலும்கூட 200 ரூபாய் நஷ்டம். 56-ஆவது வெற்றியில்தான் கையில் காசு மிஞ்சத் தொடங்கும். பேராசைப்படாமல் சின்னச் சின்ன லாபமாக எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய நிலை இன்னும் மோசம். கால் சதவீத லாபம், கால் சதவீத நஷ்டம் என்று வைத்தால், வென்றால் 250 ரூபாய், ஆனால் செலவு அதே 102. இப்போது நூற்றுக்கு 70 முறை வென்றாலும் 200 ரூபாய் குறையும். அடக்கமான இலக்கு பாதுகாப்பானது என்ற நம் வீட்டுப் பழக்க அறிவு இந்த இடத்தில் பொருந்துவதில்லை என்பதைப் புதியவர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் என் தாளில் போட்ட கணக்கு. நாடு முழுவதும் உண்மையில் என்ன நடந்தது என்பதை செபியே ஆராய்ந்து 2024 ஜூலையில் வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் தினசரி வணிகம் செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம் அடைந்திருந்தார்கள். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களில் நஷ்டமடைந்தவர்கள் 80 சதவீதம். எந்தத் தொழிலிலும் செய்யச் செய்யக் கை பழகும், தேர்ச்சி கூடும் என்போம்; இங்கே அதிகம் செய்தவர்களிடையே தோல்வி அதிகமாக இருக்கிறது. நஷ்டமடைந்தவர்கள், தங்கள் வணிக நஷ்டத்தோடு நில்லாமல், அதில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கட்டணங்களாகவும் கொடுத்திருந்தார்கள். லாபம் பார்த்தவர்களுக்குக் கட்டணம் அவர்களுடைய லாபத்தில் 19 சதவீதமாக இருந்தது. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு 2018-19-இல் 18 சதவீதமாக இருந்தது, நான்கே ஆண்டுகளில் 48 சதவீதமாகிவிட்டது. அவர்களில் நஷ்டமடைந்தவர்கள் 76 சதவீதம். எங்கள் அலுவலக வாசலில் நான் பார்க்கும் முகங்கள் இவர்கள்தான்.

பத்தில் மூவர் லாபம் பார்த்திருக்கிறார்களே, அது ஒன்றும் குறைவில்லையே என்று கேட்கத் தோன்றும். அது ஓர் ஆண்டின் கணக்கு. நம் கேள்வியோ நீண்ட காலத்தைப் பற்றியது. ஓர் எளிய கற்பனை செய்து பார்ப்போம். ஆயிரம் பேர் தொடங்குகிறார்கள், யாருக்கும் தனித்திறமை இல்லை, ஒவ்வோர் ஆண்டும் வெறும் தற்செயலாகவே பத்தில் மூவருக்கு லாபம் வருகிறது. முதலாண்டில் 300 பேர் லாபம் பார்ப்பார்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டும் லாபம் பார்த்தவர்கள் 90 பேர், மூன்று ஆண்டும் பார்த்தவர்கள் 27 பேர், நான்கு ஆண்டும் பார்த்தவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் தாங்கள் திறமைசாலிகள் என்றே தோன்றும், பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். மற்ற 992 பேர் தங்கள் கதையை வெளியே சொல்ல மாட்டார்கள். பலர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. நமக்குத் தெரிந்த ஒருவர் இதில் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்பது ஏன் ஒரு சான்றாகாது என்பதற்கு இதுவே காரணம்.

பல ஆண்டுகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் வெளிநாடுகளில் உண்டு. தைவானில் 1992 முதல் 2006 வரையிலான வணிகப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், செலவு போக மறுபடி மறுபடி லாபம் காணும் திறமையுள்ளவர்கள் தினசரி வணிகர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். பிரேசிலில் பங்குக் குறியீட்டின் ஃபியூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தத்தில்) தினசரி வணிகம் தொடங்கியவர்களில் 300 நாட்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 97 சதவீதத்தினர் பணம் இழந்திருந்தார்கள். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகமாகச் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம் மட்டுமே. ஆக, திறமையாளர்கள் இருக்கவே செய்கிறார்கள். நூற்றில் ஒருவர் அளவுக்கு.

நம் நாட்டில் பங்கிலிருந்து, குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமையை மட்டும் வாங்கி விற்கும் ஆப்ஷன்ஸுக்குத் தாவியவர்களின் நிலையையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தார்கள் என்றும், தனிநபர்களின் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் செபி 2024 செப்டம்பரில் தெரிவித்தது. 2023-24-இல் அதே களத்தில், செலவுக்கு முந்தைய கணக்கில், சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடி ரூபாயும் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் 28,000 கோடி ரூபாயும் லாபம் பார்த்தன. அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல்களால் வந்தது. எதிரில் இருப்பவர் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஐந்து மடங்கைப் பற்றி விட்ட இடத்துக்கு வருகிறேன். பங்கு நான்கு சதவீதம் இறங்கினால், ஐந்து மடங்கில் வாங்கியவருக்கு முதலில் 20 சதவீதம் போகிறது. மிச்சம் இருக்கும் 80 ரூபாயை மறுபடி 100 ஆக்க 25 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். பாதி போய்விட்டால் நூற்றுக்கு நூறு சம்பாதிக்க வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவது கடினம் என்பது இங்கே வெறும் பேச்சல்ல, வகுத்தல் கணக்கு. இத்தனை ரூபாய்க்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று ஸ்டாப் லாஸ் வைத்திருக்கிறேனே என்று சொல்வார்கள். வைப்பது மிக நல்லது, வைக்காமல் இருப்பது ஆபத்து. ஆனால் அது உறுதிமொழி அல்ல. விலை படிப்படியாக இறங்காமல் தாவி இறங்கும்போது, நீங்கள் சொன்ன விலையில் வாங்க ஆள் இருக்க மாட்டார். 2024 ஜூன் 4 அன்று மக்களவைத் தேர்தல் முடிவு வெளிவந்தபோது ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ ஆறு சதவீதம் சரிந்தது. 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச்சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 3,900 புள்ளிகளுக்கு மேல், அதாவது 13 சதவீதம் வீழ்ந்தது. காலையிலேயே பத்து சதவீத வரம்பைத் தொட்டுச் சந்தையை 45 நிமிடம் நிறுத்தினார்கள். அந்த 45 நிமிடமும் ஐந்து மடங்கில் வாங்கி வைத்திருந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறெதுவும் செய்திருக்க முடியாது.

ஷார்ட் செல்லிங்கில் இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. கையில் இல்லாத பங்கை விற்ற பிறகு அந்தப் பங்கு, ஒரு நாளில் இதற்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்திருக்கும் உச்ச வரம்பில் போய் நின்றுவிட்டால், விற்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். வாங்கி நேர் செய்ய முடியாது. அப்போது பங்குச்சந்தை ஏலத்தில் அந்தப் பங்கை வாங்கிக் கொடுத்துவிட்டு, விலையையும் அபராதத்தையும் உங்களிடம் வசூலிக்கும்.

பங்குச்சந்தையே சூதாட்டம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பங்கு வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருப்பவரின் லாபம் வேறு ஊற்றிலிருந்து வருகிறது. நிறுவனம் பொருள் செய்து விற்கிறது, லாபம் ஈட்டுகிறது, அதில் ஒரு பகுதியை டிவிடெண்டாகக் கொடுக்கிறது, மீதியைத் தொழிலில் போட்டு வளர்கிறது. பங்கு வைத்திருப்பவர் அந்த வளர்ச்சியில் பங்குதாரர். அவர் லாபம் பார்க்க இன்னொருவர் நஷ்டப்பட வேண்டியதில்லை. 1979-இல் 100 என்ற அடிப்படையில் கணக்கிடப்படும் சென்செக்ஸ் 2024 ஜூலையில் 80,000-ஐத் தாண்டியது. இடையில் 2008-இல் அது ஒரே ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே போனதும் உண்டு, ஆகவே அதுவும் நடுக்கமில்லாத பாதை அல்ல. ஆனால் காலை 9.15-க்கும் மாலை 3.30-க்கும் இடையில் ஒரு காலணித் தொழிற்சாலை எவ்வளவு வளர்ந்துவிடும்? அந்த ஆறேகால் மணி நேரத்தில் ஒருவருக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் ஏறக்குறைய இன்னொருவரின் பையிலிருந்து வருவதுதான். நடுவில் தரகும் வரியும் எடுக்கப்படுவதால், எல்லோரையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் எப்போதும் குறைவாகவே இருக்கும்.

தொடர்ந்து லாபம் பார்க்கும் அந்தச் சிலரிடம் நான் கவனித்தது, அவர்கள் இதை வேலை நேரத்தின் இடையில் செய்வதில்லை என்பதே. மருத்துவமனை வார்டில் பணி செய்துகொண்டே, பேருந்தில் நின்றுகொண்டே, ஷிப்டில் மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பும்போது செல்பேசியைப் பார்த்துக்கொண்டே செய்பவர் யாரும் அந்த ஒரு சதவீதத்தில் இருப்பதை நான் பார்த்ததில்லை. அவர்கள் ஒவ்வொரு வணிகத்தையும் காரணத்தோடு எழுதி வைக்கிறார்கள். கட்டணம் போன பிறகு மிஞ்சுவதை மட்டுமே லாபம் என்கிறார்கள். பல நாட்கள் எதையும் தொடாமலே இருக்கிறார்கள். முக்கியமாக, அந்த மாத வாடகைக்கு அந்தப் பணத்தை அவர்கள் நம்பியிருக்கவில்லை. நகைக்கடன் வாங்கியோ சீட்டு எடுத்தோ போட்ட பணத்தை வைத்துக்கொண்டு, நஷ்டத்தில் வெளியேறும் துணிவு யாருக்கும் வராது.

கற்றுக்கொடுக்கிறோம் என்று டெலிகிராமிலும் யூடியூபிலும் அழைப்பவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில், மாதா மாதம் பெரிய வட்டி தருவதாகச் சொன்னவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடப்பவர்கள் ஏராளம். அந்தக் காயம் ஆறும் முன்பே அதே வாக்குறுதி பங்குச்சந்தை என்ற பெயரில் வருகிறது. எந்தப் பங்கை எப்போது வாங்க வேண்டும் என்று பரிந்துரைப்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை செபியின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பாடம் மட்டும் நடத்துகிறோம் என்பவர்கள், கடந்த மூன்று மாதங்களின் சந்தை விலைகளைப் பாடத்தில் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியது. இன்று காலை விலையைக் காட்டிப் பாடம் நடத்துபவர் யார் என்பதை இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்து பார்க்க விரும்புபவர் இருக்கலாம். அது அவருடைய உரிமை. அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பணம் போடாமல், ஒரு நோட்டில் மூன்று மாதம், வாங்குவதாக நினைத்த விலையையும் விற்பதாக நினைத்த விலையையும் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் லட்சத்துக்கு 102 ரூபாய் கழியுங்கள். வாங்கும்போது விற்பவர் கேட்கும் விலையையும், விற்கும்போது வாங்குபவர் சொல்லும் விலையையும் எழுதினால் அதில் 20 ரூபாய் ஏற்கெனவே கழிந்துவிடும், 82 கழித்தால் போதும். மாலையில் திரும்பி வந்து எந்த வரியையும் திருத்தக் கூடாது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதுதான் என் தொழில். தினசரி வணிக லாபம் ஊக வணிக வருமானமாகக் கருதப்பட்டு, சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தில் வரிக்கு உட்படும். நஷ்டம் வந்தாலோ, அதைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. வேறு ஊக வணிக லாபத்திலிருந்து மட்டுமே கழிக்கலாம். உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு அந்த நஷ்டத்தை எடுத்துச் செல்லலாம். எளிய முதல் படிவத்தில் இதைக் காட்ட முடியாது, ஐடிஆர் 3 என்னும் பெரிய படிவம் வேண்டும்.

வாலாஜா இளைஞருக்கும் அந்தப் படிவத்தைத்தான் நிரப்பினேன். ஊக வணிக நஷ்டம் என்ற கட்டத்தில் 16,600 என்று தட்டியபோது, அது நான்கு ஆண்டு நிலுவையில் இருக்கும் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். "அப்போ அந்த நஷ்டத்தைக் கழிச்சுக்கணும்னா நான் மறுபடியும் டிரேட் பண்ணி லாபம் எடுக்கணுமா அண்ணா?" என்றார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன். "ஆனா அதுக்காகப் பண்ணாதீங்க தம்பி. நாலு வருஷம் போனா அது தானா காலாவதி ஆயிடும், ஆகட்டும்." அவர் தலையசைத்துவிட்டு, செல்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைப் படித்துச் சொன்னார், நான் தட்டி, கணக்கைச் சமர்ப்பித்தேன்.